பானெட்டுக்குள் ஒளிந்துகொண்டேன்

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு பழைய பண்ணை வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே வாலன்டியர். விக்டோரியா காலத்தின் முதல் வருடங்களில் பெண்கள் அணிந்த உடையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்வேன்.

லேசான உடையல்ல அது. பாவாடைக்குள் பாவாடையாக ஐந்து. ஒன்று மட்டும் குதிரைமுடி கலந்து நெய்தது, விறைப்பாக நிற்கும். வளையம் வைத்த பாவாடையெல்லாம் பிறகுதான் வந்தது. தோள் தையல் மேல்கையில் இறங்கியிருப்பதால் கையைத் தூக்க முடியாது. தலையில் பானெட் என்கிற தொப்பி. அதன் விளிம்பு இரு கன்னங்களையும் ஒட்டி முன்னால் நீண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும்.

அந்த மே மாத ஞாயிறு, தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு அமெரிக்கர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் வேலிக்கு அருகிலிருந்து தமிழ் கேட்டது.

“ஏய்! இங்க பாரு, நான்தான்! அம்மா, நான் சொன்னேன்ல, இவதான்!”

எதிர்வீட்டு அக்கா. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று வாரம் என் மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தலை வாரி, லஞ்ச் கட்டிக்கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பியவர். மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவுக்கு என்னைக் காட்ட அழைத்து வந்திருக்கிறார்.

நான் திரும்பவில்லை.

மறுபடி கூப்பிட்டார். நான், முன்பு புடைத்திருந்த சட்டைக் கை அந்தக் காலத்தில் எப்படி மெலிந்தது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே கூட்டத்தை வீட்டுக்குள் நடத்திச் சென்றேன். அந்த அமெரிக்கர்களுக்கு நடுவில் அரை மணி நேரம் நானும் அந்த வீட்டுக்காரியாக இருந்தேன். அக்காவின் குரலுக்குத் திரும்பினால் அது கலைந்துவிடும் என்று பயந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். அவருடைய அம்மா, பட்டுப்புடவையும் ஸ்னீக்கர்ஸுமாக, சிறிது நேரம் வாசலையே பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அக்காவே பேச்சை எடுத்தார். “நேத்து உன்னப் பாத்தோம்மா. ஏன் திரும்பலன்னு அம்மா கேட்டாங்க. அந்தத் தொப்பில சைடுல ஒண்ணும் தெரியாதும்மான்னு சொன்னேன்.”

“ஆமாக்கா, ஒண்ணுமே தெரியாது” என்றேன்.

அவர் எனக்காகச் சொன்ன சமாதானத்தை நானும் பொய் சொல்லி ஏற்றுக்கொண்டேன். ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கம் போகக் கூசியது. பிறகு ஒரு மாலை போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

மடிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும். தொப்பி கண்ணைத்தான மறைக்கும், காதையுமா மறைக்கும்?”

“சாரிக்கா. என்ன சொல்றதுன்னே தெரியல.”

“அம்மாகிட்ட சொல்லிடாத. ஊருக்குப் போயி உன்னப் பத்திப் பெருமையா சொல்லணும்னு இருக்காங்க.”

அடுத்த ஞாயிறு அவர்களை நானே வரச்சொன்னேன். அக்காவின் அம்மா என் பாவாடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, “இத்தனையும் கட்டிக்கிட்டு எப்படிம்மா வேல பாத்தாங்க?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அப்பா ஃபோட்டோ எடுத்துத் தள்ளினார்.

அக்கா பார்க்கிங்கிலேயே இருந்துவிட்டார். நான் போய் அழைத்தபோது கார்க் கண்ணாடியை இறக்கி, “ஒரு ஃபோன் வரணும். நீ அவங்களக் கூட்டிட்டுப் போ” என்றார். அவருடைய ஃபோன் பின் சீட்டில், கைப்பைக்கு அடியில் கிடந்தது. நான் வற்புறுத்தவில்லை.