ஐந்து பேருக்கு ஒரு கடவுச்சொல்

இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நடுத்தர வயதை எட்டிய ஐந்து ஆண்கள், ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருடம் கழிந்த பிறகும் ரங்கூனில் நாங்கள் இணையத்தை அப்படித்தான் பயன்படுத்தினோம். ஒரே செய்தித்தாளை ஐந்து வீட்டில் படித்துப் பழகியவர்கள், வேறு எப்படிச் செய்வோம்?

நாங்கள் ஐவரும் நுழைந்த அந்த இணையத் தமிழ் மன்றத்தை நடத்தியவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். பர்மாவிலிருந்து கப்பலேறிப் போனவர்களும் இங்கேயே தங்கிவிட்டவர்களும் ஒருவரையொருவர் தேடுவதற்கு அதில் ஒரு பகுதி ஒதுக்கியிருந்தார்கள். உறுப்பினராக மின்னஞ்சல் முகவரி வேண்டும். இங்கேயோ வெளிநாட்டு மின்னஞ்சல் ஒருநாள் திறக்கும், மூன்று நாள் திறக்காது. எங்களில் ஒருவர் கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தார். அவருக்கு மட்டும் ஆபீஸ் முகவரி இருந்தது. அவர் பதிந்தார், நாங்கள் நால்வரும் தொற்றிக்கொண்டோம்.

நான் தேடியது என் அக்காவை.

அம்மா இல்லாத வீட்டில் எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். கல்யாணமான மறுவருடமே புகுந்த வீட்டாரோடு மதராஸுக்குக் கப்பலேறினாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்று அப்படி ஒரு கோபம். எல்லோரும் துறைமுகத்துக்குப் புறப்பட்ட நேரத்தில் நான் நழுவிப்போய் சுற்று ரயிலில் ஏறிக்கொண்டேன். இன்சீன் வழியாக ஊரை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. பிறகு அவளிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. 'நீயும் ரெண்டு வரி எழுதுடா' என்று அப்பா காகிதத்தை நீட்டுவார். மாட்டேன் என்று ஓடிவிடுவேன். அப்புறம் நாங்கள் வீடு மாறினோம், கடிதம் நின்றுபோனது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அவளிடம் எனக்குச் சொல்ல இருந்தது ஒரே விஷயம்தான். கோபமெல்லாம் அந்த ரயிலை விட்டு இறங்கும்போதே போய்விட்டது என்பது.

மன்றத்தில் படிக்காதவை எல்லாம் தடித்த எழுத்தில் இருக்கும். ஒருவர் திறந்துவிட்டால் மெலிந்துவிடும். ஒரே பெயரில் ஐந்து பேர் நுழைந்தால் என்ன ஆகும்? காலையில் ஒருவர் மேய்ந்துவிட்டுப் போனதும் சாயங்காலம் வருகிறவருக்குப் புதிதாக ஒன்றுமே இருக்காது. தனி மடலும் அப்படித்தான், ஐவருக்கும் ஒரே பெட்டி. முதல் மாதமே சண்டை வந்தது. ஐவரில் மூத்தவன் நான், பள்ளிக்கூட வாத்தியாராகப் பிள்ளைகளை மிரட்டிப் பழகியவன் வேறு. நானே சட்டம் போட்டேன்.

ஒரு நோட்டு வாங்கி, சூலே பகோடா பக்கம் நாங்கள் போகும் இணையக் கடையின் மேசை இழுப்பறையில் வைத்தேன். உள்ளே நுழைகிறவர் தேதி போட வேண்டும். எதைத் திறந்தார், அது யாருக்கு வந்தது, அதில் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். படித்ததை மட்டும்தான் எழுத வேண்டும், கதை கூடாது. அப்புறம் இன்னொரு சட்டம். மெலிந்த எழுத்தில் இருப்பதை யாரும் மறுபடி திறக்கக் கூடாது. ஒரு பக்கம் வந்து சேர்வதற்குள் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடித்துவிடலாம். படித்ததையே படித்து நேரத்தை ஏன் பாழாக்க வேண்டும்? இந்த இரண்டாவது சட்டத்தின் மேல் எனக்கு எவ்வளவு பெருமை! நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அக்காவின் பெயர், அத்தானின் பெயர், கப்பலேறிய வருடம் எல்லாம் சொல்லி ஒரு பதிவு போட்டேன். கடையில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன், மன்றத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒன்றரை வருடம் வாரம் இரண்டு முறை போனேன். நோட்டைப் பார்ப்பேன். என் பெயர் இருக்காது. திரையைப் பார்ப்பேன். தடித்த எழுத்தில் எனக்கு ஒன்றும் இருக்காது. வீடு திரும்புவேன். அக்காவுக்கு என்னை மறந்துபோயிருக்கும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அக்கா மேல் பழியைப் போடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே சுலபம்.

ஒருநாள், பெட்டி நிரம்பிவிட்டது, பழைய மடல்களை அழித்தால்தான் புதியவை வரும் என்று மன்றம் அறிவித்தது. அழிக்கும் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நோட்டையும் திரையையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு மடல் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. எட்டு மாதப் பழசு. மெலிந்த எழுத்து. நோட்டில் அந்தத் தேதிக்கு எதுவும் இல்லை. யாரோ எழுத மறந்த குப்பை என்று அழிக்கப் போனவன், என்ன தோன்றியதோ, என் சட்டத்தை நானே மீறித் திறந்தேன்.

'மாமா, நான் உங்கள் அக்கா மகள். வியாசர்பாடியில் இருக்கிறோம். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாங்க. உங்க குரலை ஒருதடவை கேட்கணும்னு சொல்றாங்க.' கீழே தொலைபேசி எண்.

எண்ணைக் கூப்பிட்டேன். அது உபயோகத்தில் இல்லை. மடலுக்குப் பதில் அனுப்பிவிட்டு நேரே கப்பல் ஆபீஸ்காரரிடம் போனேன். அந்த வாரம் என்னைத் தவிர நோட்டில் பெயர் இருந்தது அவருக்கு மட்டும்தான். கத்தினேன். ஆபீஸே எட்டிப் பார்த்தது.

"அண்ணே, யாருக்கு வந்ததுன்னு பாக்கத்தான் தொட்டேன்" என்றார். "தொட்ட ஒடனே மீ போயிருச்சு. ரெண்டு மணி நேரம் ஒக்காந்திருந்தேன், மீ வரல்ல. ஒண்ணும் படிக்கவே இல்லியே. படிக்காதத எழுதக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மீ என்றால் பர்மியத்தில் மின்சாரம். அவர் தொட்டது மட்டும் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மடல் வந்து சேருவதற்குள் கடை இருண்டுவிட்டது. மறுநாள் அவர் வந்து பார்த்தால் தடித்த எழுத்தில் ஒன்றும் இல்லை, மெலிந்ததைத் திறக்கவும் கூடாது. மனிதர் என் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு தப்பும் செய்யாதவரை எப்படி மன்னிப்பது?

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

'மாமா, அம்மா போய் ஆறு மாசம் ஆச்சு. நான் மடல் அனுப்பின மறுநாளே நீங்க திறந்துட்டதா இங்க காட்டுச்சு. அம்மாகிட்ட ஓடிப்போய், மாமா படிச்சுட்டாங்கம்மான்னு சொன்னேன். அன்னைக்கு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாங்க. போன் வரும்னு பக்கத்துலயே வெச்சுக்கிட்டாங்க. தினமும் கேட்பாங்க. கடைசியா ஒருநாள், இன்னும் கோபமாவே இருக்கானா அவன், ஏன் துறைமுகத்துக்கு வரலைன்னே தெரியலையேன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் உங்களைப் பத்திக் கேட்கவே இல்லை.'

கடையில் இரைச்சலாக இருந்தது. இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன். என் சட்டப்படியே தேதி போட்டு எழுதினேன். ஒரு மடல். எனக்கு வந்தது. படித்தேன்.