இரண்டு குடும்பம், ஒரு குசினி

தபால்பெட்டியில் நேற்றும் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. வழவழப்பான தாள், சிரித்துக்கொண்டு நிற்கும் தரகர், கீழே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: உங்கள் வீட்டை விற்க யோசிக்கிறீர்களா? பாரிசுக்கு வெளியே, பியர்ஃபித்தில் எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு தாளாவது வந்துவிடும். இவர் அதை விரித்துவைத்து வெங்காயம் உரிப்பார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். கலியாணமாகி முப்பது வருசமாகியும் பெயரை எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஏனோ அந்தத் தாளை மூக்கருகே கொண்டுபோனேன். புது அச்சு மை மணம். உடனே பாரிசில், லா ஷப்பலில் எங்கள் பழைய குசினி வந்து நின்றது. அங்கே மேசை முழுக்க வீட்டு விளம்பரப் பத்திரிகைகள்தான் கிடக்கும். ஓசியில் கிடைப்பதையெல்லாம் குணம் அண்ணை அள்ளிக்கொண்டு வருவார். பருப்புச் சட்டியை இறக்கிவைக்கக்கூட இடமிருக்காது. சட்டியின் சூட்டில் மை உருகி அடியில் ஒட்டும். எந்தச் சட்டியைத் திருப்பினாலும் யாரோ ஒருவருடைய வீட்டின் கூரை தெரியும்.

குணம் அண்ணை யாரென்று சொல்லவில்லையே. நாங்கள் பாரிசுக்கு வந்திறங்கியபோது இவருக்கு ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையற்கட்டில் வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். இருக்க இடமில்லை என்றதும், "எங்களோட வந்திருங்கோ, இடம் பாத்தாப்பிறகு போகலாம்" என்றார். இடம் பார்க்க எட்டு வருசம் எடுத்தது. மெத்ரோ பாலத்துக்குப் பக்கத்துத் தெரு, நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை, இரண்டு அறை. ஒன்றில் அண்ணையும் ஜெயா அக்காவும் அவர்களின் மகனும். மற்றதில் நாங்களும் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும். குசினி ஒன்றுதான். அதில் ஒருத்தி திரும்ப வேண்டுமென்றால் மற்றவள் மூச்சை உள்ளே இழுக்கவேண்டும். நான் அப்போது மெலிவு என்பதால் சமாளித்தோம். இப்போதென்றால் சுவரை இடித்திருக்கவேண்டும்.

குறை சொல்ல வாய் வராது. என் மூத்தவள் அம்மை வந்து கிடந்தபோது, நான் அலுவலகம் கூட்டித் துடைக்கும் வேலையை விடமுடியாமல் நிற்க, ஜெயா அக்கா தன் வேலைக்கு வரமுடியாதென்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அப்படிப்பட்டவர். ஆனால் நான் உப்புப் போட்ட கறியில் அக்கா இன்னொரு தடவை உப்புப் போடுவார். நான் கழுவிக் கவிழ்த்த கோப்பையை எடுத்துத் திரும்பவும் கழுவுவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அந்த ஒரு வார்த்தை சொல்லாததைத்தான் எட்டு வருசமும் என்னால் தாங்கமுடியவில்லை.

ஒருநாள் அண்ணை பத்திரிகையில் ஒரு படத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கொண்டுவந்தார். பியர்ஃபித்தில் ஒரு பவியோன். சுற்றிவரத் தோட்டம், நடுவில் தனி வீடு. அதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். கீழே மூன்று அறை, மேலே மூன்று அறை.

"தனித்தனிய ஒருத்தராலயும் ஏலாது. சேர்ந்தால் ஏலும். நீங்கள் மேல, நாங்கள் கீழ," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப்பேரும் ரயிலேறிப் போனோம். ஏழுபேர் நாங்கள், எட்டாவது, எல்லாம் தெரிந்தவர் என்று அண்ணை கூட்டிவந்த ஒருவர். அவர் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்து "நல்ல சுவர்" என்றார். பிள்ளைகள் புல்லில் உருண்டார்கள். ஜெயா அக்கா கறிவேப்பிலை வைக்க இடம் பார்த்தார், பிரான்சின் குளிரில் அது வருமா என்ற கவலையே இல்லாமல். நான் மட்டும் வீடெல்லாம் சுற்றி ஒரே ஒரு விசயத்தைத் தேடினேன். குசினி கீழே ஒன்றுதான் இருந்தது.

"மேல ஒரு குசினி போடலாமோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னத்துக்கு? இவ்வளவு நாளும் ஒண்டில தானே சமைச்சனாங்கள்," என்றார் அண்ணை. அன்பாகத்தான் சொன்னார்.

கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று. புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது, மெத்ரோ படிக்கட்டில் இவரை நிறுத்தி, "எனக்கு ஏலாது," என்றேன்.

"என்ன ஏலாது?"

"கடன் முடியுமட்டும் இன்னும் இருபத்தைஞ்சு வருசம் அக்காவோட ஒரு அடுப்பில நிக்க ஏலாது. எனக்கெண்டு ஒரு கதவு வேணும்."

இவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். "அண்ணை இல்லாட்டி நாங்கள் இஞ்சை தெருவில. அவரிட்டை இதை நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார். பிறகு போய்ச் சொன்னார். மனைவிக்கு விருப்பமில்லை என்று சொல்லவில்லை, தனக்குப் பயமாக இருக்கிறது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அண்ணை சுவரைப் பார்த்தபடி "ஓம், ஓம், அது உங்கட விருப்பம்" என்றார்.

அன்று பின்னேரம் ஜெயா அக்கா இடியப்பமும் சொதியும் வைத்து எல்லோருக்கும் பரிமாறினார். வேலைநாளில் யாரும் இடியப்பம் அவிப்பதில்லை. எனக்கு இரண்டு கூடுதலாக வைத்தார். அது தண்டனை என்று நினைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. அண்ணை குடும்பத்துக்குக் கார்ஜ் லே கொனெஸில் அரசாங்க வீடு கிடைத்தது. நாலைந்து வருசத்தில் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ஆளுக்கு இரண்டு வேலை செய்து, பியர்ஃபித்திலேயே ரயில்பாதை ஓரம் இந்த வீட்டை வாங்கினோம். சாவியைக் கையில் வாங்கிய அன்று நான் குசினிக் கதவைப் பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். இவர் வெளியே நின்று, "உள்ளுக்கு விடுவியோ?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏழுபேர் சிரிக்கவில்லை.

சில வருசத்துக்கு முன் லா ஷப்பலில் பிள்ளையார் தேருக்கு ஜெயா அக்கா வந்திருந்தார். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, அதே நிமிர்ந்த நடை. தெருவெல்லாம் உடைத்த தேங்காய். காலை வழுக்காமல் வைத்தபடி, ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அண்டைக்கு அந்த வீட்டை வேண்டாமெண்டது இவரில்லை. நான்தான்."

"தெரியும்," என்றார். "எனக்கும் வேண்டாமெண்டுதான் இருந்தது. உன்ர தூள் கறியை இன்னும் எவ்வளவு காலம் தின்னுறது? அண்ணைக்கு ஒரு மாசமாச் சொல்லிக்கொண்டிருந்தனான், அவர் கேக்கேல்லை. நீ சொல்லிப்போட்டாய். அந்தச் சந்தோசத்திலதானே அண்டைக்கு இடியப்பம் அவிச்சனான்!"

தெருவில் நின்று இரண்டுபேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். இவ்வளவு காலம் சுமந்த பாரம் இறங்கியது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரயிலில் திரும்பி வரும்போது பெரிய களைப்புத்தான் வந்தது. பாரம் இருந்த வரைக்கும் அக்காவும் என்னோடு இருந்தார் போல.

இப்போது பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டில். கூப்பிட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வார்கள், அன்பாகத்தான். அண்ணை காலமாகிவிட்டார். அக்கா வருசப்பிறப்புக்குப் போன் எடுப்பார். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலி, ஒவ்வொரு வேலிக்கும் ஒரு பூட்டு.

போன மாசம் எனக்குக் காய்ச்சல். இவர் காலையில் வேலைக்குப் போய்விட்டார். லா ஷப்பலில் நான் இருமினால், மூன்றாவது இருமலுக்கு முன் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அடுப்பு மூட்டும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கொத்தமல்லித் தண்ணீர் ஒரு கோப்பை, ஒரு வார்த்தையும் இல்லாமல், கதவடியில் வந்து நிற்கும். இந்த வீட்டில் ஆறு அறை. அன்று முழுக்க இருமிப் பார்த்தேன். நல்ல சுவர்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை.