ராகு காலத்தில் திறக்காத ஃபைல்

திலகவதிக்குக் கோபம் வந்தால் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டுவிடுவாள். பொன்னமராவதியில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் அவளுக்கு வேலை. எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் பாத்திரம் போகிறது என்பதெல்லாம் ஒரே எக்செல் ஃபைலில் இருந்தது. அதை ராகு காலத்தில் திறந்துவிட்டாள் என்று முதலாளி அடைக்கப்பன் ஒருநாள் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். அன்றே அவள் செல்போனில் வீடியோ பார்த்து, ஃபைல் திறந்ததும் தானாக ஓடுகிற மேக்ரோ ஒன்றை எழுதினாள். ராகு காலத்தில் யார் திறந்தாலும், "நேரம் சரியில்லை" என்று காட்டிவிட்டு ஃபைல் மூடிக்கொள்ளும்.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவருடைய சம்பந்தி போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்குப் பெரிய அண்டா இருக்கிறதா என்று இப்போதே தெரியவேண்டுமாம். இல்லையென்றால் வேறு கடையில் சொல்லிவிடுவாராம். முதலாளி மூன்று தடவை ஃபைலைத் திறந்தார். மூன்று தடவையும் மூடிக்கொண்டது.

"தெலகம், வேற வழியே இல்லையா?"

"ஷிஃப்ட் பட்டனை அமுக்கிக்கிட்டே தொறந்தா மேக்ரோ ஓடாதுங்க முதலாளி. ஆனா ராகு காலமாச்சே?"

அவர் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நீயே தொற. நான் பாக்கல. அண்டா இருக்கா, அதை மட்டும் சொல்லு."