வெளியேறிய பிறகும் திறந்திருந்த விண்ணப்பம்

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

கல்லூரி விண்ணப்பம், கட்டணம், விடுதி மூன்று தளங்களும் ஒரே கடவுச்சொல்லில் திறக்கும்படி எங்கள் மென்பொருள் அலுவலகம் செய்து கொடுத்தது. ஒன்றிலிருந்து வெளியேறினால் மூன்றும் மூட வேண்டும் என்று அன்றே எழுதிக் கொடுத்தேன்.

"யாருய்யா அதையெல்லாம் பாக்கப் போறா?" என்றார் மேலாளர். கூட்டமே சிரித்தது. சிரித்தவர்கள் பெயரெல்லாம் நினைவிருக்கிறது.

இன்று மந்தைவெளி பிரவுசிங் சென்டரில் ஒரு மீன்காரம்மா எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். திரையில் எங்கள் கட்டணத் தளம், 'வெளியேறிவிட்டீர்கள், நன்றி' என்றது. பழைய வயிற்றெரிச்சலில் விடுதித் தளத்தைத் திறந்தேன். அவர் மகளின் விண்ணப்பம் அப்படியே வந்தது.

குறிப்புப் பெட்டியில் அந்த அம்மா எழுதியிருந்தது: "எம் பொண்ணு என்ன தனியா உட்டு வரமாட்டேன்னு சொல்லும். நீங்க ரூம் குடுத்துடுங்க."

அதன் கீழேயே 'ரத்து செய்' பொத்தான். யார் அழுத்தினாலும் இடம் போய்விடும்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, அவர் பக்கம் இன்னும் திறந்திருக்கிறது என்றேன்.

"நான்தான் வெளிய வந்துட்டேனே நைனா. நன்றின்னு வேற போட்டுச்சு."

"ஒண்ணுதாம்மா மூடிச்சு. மிச்சம் ரெண்டும் தொறந்திருக்கு."

அவர் கண்ணெதிரே இரண்டையும் மூடினேன்.

"எழுதுனத படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்மா."

"ஹாஸ்டல்ல சேக்கப்போறேன்னு நேத்து அதுக்கிட்ட சொல்லிட்டேன். என்கூட பேசமாட்டேங்குது. ஆனா பொட்டி கட்டிக்கினு கீது."

மேலாளர் முகத்தில் எறிய, திறந்திருந்த அந்தத் திரையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அழித்துவிட்டேன்.

நீங்களும் பொதுக் கணினியில் வெளியேறிய பின், அதே கடவுச்சொல்லில் திறக்கும் மற்ற தளங்களையும் திறந்து பார்த்து, மூடாமல் இருந்தால் கல்லூரிக்குச் சொல்லுங்கள். என் பெயரைப் போட்டால், "அவனுக்குப் பழைய கோபம்" என்று பிழையை அப்படியே விட்டுவிடுவார்கள். கோபம் உண்மைதான். அதனால் பெயரில்லாமலே பதிகிறேன்.