முடிவுரை சொல்லாத அழைப்பு

திண்டுக்கல்லுக்கு நான் போனது ஒரு கால் சென்டருக்கு இடம் பார்க்க. வீடுகளுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியை வாடகைக்கு விடும் ஒரு பெங்களூரு நிறுவனம், தன் தமிழ் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை அதுவரை வடக்கே வெகுதூரத்தில் ஒரு நகரத்தில் எடுக்க வைத்திருந்தது. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் ஆறு மாதம்கூட நிலைப்பதில்லை. இனி பக்கத்திலேயே, காலையில் காரில் புறப்பட்டால் பிற்பகலில் போய் இறங்கக்கூடிய ஊராக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நான் வேலை பார்க்கும் சென்னை நிறுவனத்திடம் அந்தத் தேர்வு வந்தது. மூன்று ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே இயங்கும் ஒரு சிறிய கால் சென்டரில் இரண்டு வாரம் உண்மையான அழைப்புகளை எடுக்க வைத்து, கேட்டு, மதிப்பெண் போட்டு, அறிக்கை தர வேண்டியது நான். திண்டுக்கல் மூன்றாவது ஊர்.

நாள்தோறும் எழுதும் பழக்கம் எனக்கு இருபத்தாறு வருடமாக உண்டு. நேரங்களும் எண்களும் அந்தக் குறிப்பேட்டில் உள்ளபடி. பேச்சு மட்டும் நினைவிலிருந்து.

முதல் இரண்டு நாள் அலுவலகத்துக்குள்ளேயே போகவில்லை. பேருந்தில் சுற்றினேன். ஆட்கள் எங்கிருந்து வருவார்கள், வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பிறர் சொல்லிக் கேட்டு எழுதினால் எனக்குத் திருப்தி இராது. அகரத்திலிருந்து பேருந்து நிலையம் இருபத்திரண்டு நிமிடம். வடமதுரையிலிருந்து முப்பத்தெட்டு. வத்தலக்குண்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. கொடைக்கானலிலிருந்து இறங்கி வந்த வண்டியில் இடமில்லாமல் அவ்வளவு தூரமும் நின்றே வந்தேன்.

மூன்றாம் நாள் காலை அலுவலகம். கீழே இரும்புக் கடை, மேலே இரண்டாவது மாடியில் இருபத்திரண்டு இருக்கைகள். நடத்துகிறவர் நாற்பத்திரண்டு வயதுப் பெண். சென்னையில் ஒன்பது வருடம் இதே தொழிலில் இருந்துவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி இதைத் தொடங்கியவர். எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். என்னைவிட ஏழு வயது இளையவர் என்றாலும் இரண்டாம் வாரத்தில் நானும் ஒருமுறை வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டேன்.

“வாங்க மேடம், செத்த நேரம் உக்காருங்க. டீ குடிச்சுட்டு அப்புறமா குத்தம் கண்டுபுடிங்க” என்றார்.

குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் போயிருந்தேன். ஆனால் அன்று மாலைக்குள் குறிப்பேட்டில் நான் எழுதியது வேறு மாதிரி இருந்தது. இரண்டு இணைய இணைப்புகளை அவர் இரண்டு வெவ்வேறு தெரு வழியாகக் கொண்டுவந்திருந்தார். ஒரு தெருவில் சாக்கடைக்குத் தோண்டி வயரை அறுத்தாலும் மற்றது தப்பும். பெரிய நகரத்து அலுவலகங்களிலேயே இந்த யோசனையை நான் இரண்டு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அதைவிட என்னை நிறுத்தி வைத்தது சுவரில் தொங்கிய ஒரு தாள். ஒவ்வொரு ஆளின் பெயருக்கு எதிரிலும் அவர் தெருவில் குடிநீர் வரும் நாளும் நேரமும் எழுதியிருந்தது. பல நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர்; வருகிற அன்று வீட்டில் ஒருவர் இருந்து பிடித்தாக வேண்டும். ஷிப்ட் அட்டவணை அந்தத் தாளைப் பார்த்துத்தான் போடப்பட்டது.

“தண்ணி வர்ற அன்னிக்கு ஆளு வராதுன்னு நமக்கே தெரியும். அப்புறம் என்னத்துக்கு லீவு போட்டுட்டான்னு கத்தணும்? நானே மாத்திப் போட்டுட்டேன்” என்றார் அக்கா.

முந்தைய இரண்டு ஊர்களிலும் முன்னறிவிப்பில்லாத விடுப்பு பெரிய தலைவலி. இங்கே கடந்த மூன்று மாதப் பதிவேட்டை வரிவரியாகப் பார்த்தேன். மொத்தம் நான்கு.

அக்காவுக்கு இந்த வேலை கிடைத்தாக வேண்டும். அதையும் அவர் மறைக்கவில்லை. அப்போது அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனைக்கு நேரம் பதிவு செய்யும் அழைப்புகள். அந்த ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. மருத்துவமனை இனி செயலியிலேயே பதிவு செய்யப்போகிறது. இது கிடைக்காவிட்டால் இருபத்திரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாடியைக் காலி செய்ய வேண்டும்.

தேர்வின் விதி கறாரானது. ஏழாவது, பதினான்காவது, இருபத்தொன்றாவது என்று ஒவ்வொரு ஏழாவது அழைப்பையும் நான் கேட்பேன். தொடக்கம், விசாரிப்பு, தீர்வு, முடிவுரை என்று பகுதி பகுதியாக மதிப்பெண். முடிவுரை என்பது, “வேறு ஏதாவது உதவி தேவையா? எங்களை அழைத்ததற்கு நன்றி. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும். சேவை பிடித்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்” என்பது. அதை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த அழைப்புக்குப் பூச்சியம். ஒரு பூச்சியம் விழுந்தால் அந்த வாரம் செல்லாது. இரண்டு வாரமும் செல்லாமல் போனால் ஊரே பட்டியலிலிருந்து நீங்கும்.

தேர்வின் முதல் நான்கு நாள் ஒரு குறையும் இல்லை. குறிப்பாக அகரத்திலிருந்து வரும் ஒரு பெண். முப்பத்தொரு வயது, இரண்டு குழந்தைகள், கணவர் பூ விவசாயம். கோபமாகக் கூப்பிடுகிறவர்கள்கூட அவளிடம் மூன்றாவது நிமிடத்தில் தணிந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில்தான் கூட்டம்.

“இன்னைக்கு என்ன வெஞ்சனம்?”

“கத்திரிக்கா.”

“நேத்தும் கத்திரிக்காதானடி?”

“காட்டுல காய்க்குது, நான் என்ன செய்ய? வேணும்னா ஒங்க வீட்டுலயும் கொண்டாந்து ஒரு செடி நடுறேன். அப்ப தெரியும்.”

ஐந்தாம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு வந்த ஏழாவது அழைப்பு அவளுடையது. கூப்பிட்டவர் நடுத்தர வயது ஆண்.

“நாளைக்கு மிஷினு பாக்க ஆளு வருவாகன்னு மெசேஜ் வந்துருக்கும்மா. வர வேணாம். நேத்து எங்கப்பா தவறிட்டாரு.”

“அடடா” என்றாள். “சரிங்கண்ணே. ஆளு வராது. நான் பாத்துக்கிறேன். காரியமெல்லாம் முடியட்டும், பதினாறு கழிச்சு நாங்களே கூப்புடுறோம்.”

“சரிம்மா.”

அவ்வளவுதான். அவர் வைத்ததும் இவளும் வைத்துவிட்டாள். நன்றி இல்லை, இனிய நாள் இல்லை, எண் ஒன்று இல்லை.

அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “சொல்லல” என்றார்.

“ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது” என்றேன்.

“எழவு வீட்டுல ‘போயிட்டு வாரேன்’னு சொல்லிட்டா மேடம் கெளம்புவோம்? பேசாம எந்திரிச்சு வந்துர்றதுதான. அவளுக்கு வாய் வந்திருக்காது.”

“பூச்சியம் போட வேண்டியிருக்கிறது.”

“போடுங்க. சொல்லலங்கிறது நெசந்தான.”

போட்டேன். முதல் வாரம் செல்லாமல் போனது. செய்தி பத்து நிமிடத்தில் மாடி முழுக்கப் பரவியது. சாப்பாட்டு நேரத்தில் அகரத்துப் பெண் டப்பாவைத் திறக்காமல் என்னிடம் வந்தாள்.

“மேடம், பூச்சியம் எனக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?”

“எல்லாருக்கும்.”

“அக்கா வைவாகன்னு பாத்தேன். வையல. அதான் கஷ்டமா இருக்கு.”

அன்று மாலை விடுதி அறையில் ஒரு சந்தேகம் வந்து முந்தைய ஊர்களின் குறிப்புகளை எடுத்தேன். இரண்டாவது ஊரில் மூன்றாம் நாள், ஒரு பெண் கூப்பிட்டு, அம்மா இறந்து நான்கு நாள் ஆகிறது, ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்றுங்கள் என்றிருக்கிறார். ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டேன். எடுத்த பையன் சுத்தமான உச்சரிப்பில் மாற்றிக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி, பிடித்திருந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னான். மறுமுனையில் அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் வைத்தார். தாளில் பார்த்தேன். நூறு மதிப்பெண். கீழே என் கையெழுத்து.

அதை ஒருமுறை கேட்டுத்தான் நூறு போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இரண்டாம் வாரம் மாடியில் சிரிப்பு குறைந்தது. ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் இருபத்திரண்டு குரல்கள் இனிய நாளை இறுக்கிப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு அகரத்துப் பெண் கையை உயர்த்தினாள். அக்கா பக்கத்தில் போனதும் அவள் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு, “சம்சாரம் தவறிட்டாகளாம். பெரியவரு. மிஷினே வேணாங்கிறாரு. நான் என்ன சொல்லி வைக்கிறது?” என்றாள்.

அக்கா அவளை எழுப்பிவிட்டு, ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, கணினியில் அவள் பெயரை நீக்கித் தன் பெயரைப் போட்டார். பிறகுதான் பேசினார்; நானும் என் ஹெட்செட்டில் கேட்டேன்.

“சொல்லுங்கய்யா.”

வெந்நீர், பச்சைத்தண்ணீர் எல்லாம் அவள்தான் பார்த்துப் பார்த்துப் பிடித்து வைப்பாள், எனக்கு அந்த மிஷினைத் திறக்கக்கூடத் தெரியாது என்றார் பெரியவர். அக்கா ஒப்பந்தத்தை ரத்து செய்தார். எடுத்துப்போக இப்போதைக்கு யாரும் வர மாட்டார்கள், ஒரு மாதம் கழித்து அவர் சொல்லும் நாளில் வருவார்கள் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருமே பேசவில்லை. பெரியவர் உடனே வைக்கவில்லை. அக்காவும் வைக்கவில்லை. நாற்பத்தொரு விநாடி. பிறகு அவர் பக்கம் ‘டொக்’ என்று கேட்டது.

அக்கா எழுந்து என்னிடம் வந்து, “என் பேர்ல போடுங்க மேடம், அவ பேர்ல வேணாம்” என்றார்.

வரிசை எண்ணைப் பார்த்தேன். அது ஏழாவது அழைப்பு அல்ல, அந்தச் சுற்றில் ஐந்தாவது. விதிப்படி நான் கேட்டிருக்கவே தேவையில்லை. மீதியிருந்த இரண்டரை நாளும் சுத்தமாக இருந்தால் இரண்டாம் வாரம் செல்லும், திண்டுக்கல் போட்டியில் நிற்கும். அதைச் சொன்னேன். விட்டுவிடலாம் என்றேன்.

அக்கா இருக்கைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் ஒருவர்கூட அப்போது தட்டச்சு செய்யவில்லை என்பதைக் கவனித்தேன்.

“விட்டுட்டா, இங்க வேலை வந்தப்புறம் தெனமும் இதேதான் நடக்கும் மேடம். எங்க ஆளுக இதைச் சொல்ல மாட்டாக. அன்னைக்குக் கம்பெனிக்காரக வந்து ‘இம்புட்டு நாளா ஏமாத்திட்டீக’ம்பாங்க. வேணாம்னா இப்பவே வேணாம்னு சொல்லிரட்டும். அனுப்பிருங்க.”

அக்காவின் ஒலிப்பதிவைப் பூச்சியத்தோடு பெங்களூருவுக்கு அனுப்பினேன். அதோடு இரண்டாவது ஊரின் நூறு மதிப்பெண் ஒலிப்பதிவையும், என் கையெழுத்துள்ள தாளையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ஒரு வரி எழுதினேன். என் வேலையில் அபிப்பிராயம் எழுதும் இடம் கிடையாது என்பதால் அதற்கு மேல் எழுதவில்லை.

மறுநாள் பெங்களூருவிலிருந்து அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் கூப்பிட்டார். பெங்களூருவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எப்போதும் அவசரத்தில் பேசுகிறவர். அன்று மெதுவாகப் பேசினார்.

“ரெண்டும் கேட்டேன். அந்த நூறு மார்க் கால் இருக்கே, அதை என்னால முழுசா கேக்க முடியலை. யார் மார்க் போட்டது?”

“நான்தான் சார்.”

“நம்ம ஷீட் போட வெச்சிருக்கு.”

“கையெழுத்து என்னுடையது சார்.”

முடிவு தன் கையில் மட்டும் இல்லை, நான்கு நாள் ஆகும் என்றார். அந்த நான்கு நாளும் அக்கா ஒருமுறைகூட என்னிடம் விசாரிக்கவில்லை. மருத்துவமனை அழைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் நாள் வந்தவர்கள் மாலை ஷிப்டுக்கு வந்தார்கள்.

முடிவு வந்தது. நிறுவனத்துக்கு வேண்டியிருந்த நூறு இருக்கைகளில் அறுபது திண்டுக்கல்லுக்கு; நாற்பது அந்த இரண்டாவது ஊருக்கு. துக்கம் சொல்லி வரும் அழைப்புகளை எப்படி முடிப்பது என்ற விதியைத் திண்டுக்கல்லே எழுதி இரண்டு ஊருக்கும் தர வேண்டும். அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். “அறுபதுக்கு இந்த மாடி பத்தாதே” என்றார். பிறகு கண்ணாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் தனியாக இருந்தார்.

விதி எழுத உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு வரி போடலாம் என்றான் ஒருவன். “ஏலே, போஸ்டரா அடிக்கிற?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேதக்காரர் என்று ஊரில் சொல்லும் கிறிஸ்தவர் வீட்டுப் பெண் ஒருத்தி, தங்கள் பக்கம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் வர மாட்டோம் என்றாள். கூப்பிடுகிறவர் யாரென்று குரலில் எப்படித் தெரியும் என்று இன்னொருவர் கேட்டார். ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: கேட்டதைச் செய்து கொடு; முடிவுரை வேண்டாம்; அவர் வைக்கும்வரை நீ வைக்காதே.

நான் அதைத் தட்டச்சு செய்து, மதிப்பெண் தாளில் முடிவுரைக்கு நேரே, இவ்வகை அழைப்புக்குப் பொருந்தாது என்று ஒரு குறிப்புச் சேர்த்தேன். அகரத்துப் பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இப்பிடி முடிச்சா எம்புட்டு மார்க் மேடம்?”

“அதற்கு மார்க் கிடையாது.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்கப் போனாள்.