கை தூக்கிய இரண்டு விநாடி

1968 டிசம்பர் 28, சனிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து தூறல்; ஆவடிக் குவார்ட்டர்ஸில் ஒரு கொடியிலும் துணி காயவில்லை. அப்போதுதான் நான் செய்த முதல் கார்ட்டூன் படம் திரையில் ஓடியது. ஓடிய நேரம் இருபது விநாடி. செய்ய ஆன நாட்கள் முப்பத்து நான்கு. இப்போது கைப்பேசியில் தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடுகிறார்கள். செய்யட்டும்.

எனக்குப் பத்து வயது. மனமகிழ் மன்றத்தில் படம் ஓட்டும் அண்ணன், படச்சுருளின் முன்னால் ஒட்டுகிற வெற்றுப் பிலிமில் பன்னிரண்டு அடி வெட்டிக் கொடுத்திருந்தார். நானூற்று எண்பது கட்டங்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. எல்லாவற்றிலும் கறுப்பு மையால் வரைந்தேன். கதை எளிது. தொழிற்சாலையிலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். கேட்டில் நின்று இரண்டு கைகளையும் தூக்குகிறார். காவலாளி அவருடைய அக்குளையும் இடுப்பையும் தடவுகிறார். பிறகு அவர் சைக்கிளேறிப் போகிறார். அவர் என் அப்பா.

ராணுவத்துக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலை அது. தினமும் சங்கு ஊதியதும் கேட்டுக்கு வெளியே நின்று அப்பாவை எதிர்பார்ப்பேன். கை தூக்காமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள் என்பது தெரியும். காவலாளி கிச்சுகிச்சு மூட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். எங்களிடம் சிரிக்காத அப்பாவோடு அவர் அப்படி விளையாடுவதில் எனக்குப் பொறாமை. அதனால் படத்தில் அப்பாவை வாய்விட்டுச் சிரிக்க வைத்தேன். அதற்கு மட்டும் நாற்பத்தெட்டு கட்டங்கள், இரண்டு விநாடி.

மன்றத்தில் கிறிஸ்துமஸ் விழாவுக்கு வந்திருந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். பிள்ளைகள் பதினெட்டு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். பெரியவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாளையங்கோட்டை மாமாதான் முதலில் வந்தார். "நல்லாத்தாம்ல வரைஞ்சிருக்க. சக்கரம்தான் முட்டை மாதிரி இருக்கு. அந்தக் கை தூக்குத இடம் மட்டும் வேண்டாம், வெட்டிரு."

படம் ஓட்டும் அண்ணன் கத்தரிக்கோலோடு வந்தார். "ரெண்டே செகண்டு தம்பி. வெட்டி ஒட்டிக் குடுத்துர்றேன். ஒண்ணாந்தேதி மைதானத்துல பெரிய படத்துக்கு முன்னாடி உன்னுத ஓட்டிக்கலாம். வெட்டாங்காட்டி ஓட்ட உடமாட்டாங்கோ."

மைதானம் என்றால் ஆயிரம் பேர். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"வெட்டமாட்டேன்."

"இன்னா நைனா, பெரிய பெரிய படத்துக்கே கத்திரி போட்றானுங்கோ. உனுக்கு இன்னா?"

அப்பா வந்தார். அவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். "வெட்டக் கொடு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அதை வெட்டினா நீங்க எப்படிப்பா வெளிய வருவீங்க? கை தூக்கலைன்னா விடமாட்டாங்களே?"

மன்றம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். பாளையங்கோட்டை மாமா திடீரென்று நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். நான் பிலிமைச் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு நடக்கையில் அம்மா கேட்டது ஒரே வார்த்தை.

"தினமுமா?"

தொழிற்சாலை கேட்டுப் பக்கம் அம்மா வந்ததே இல்லை. அப்பா குடையை எங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஒன்றாம் தேதி மைதானத்தில் என் படம் ஓடவில்லை. அதில் வருத்தமில்லை, நானூற்று எண்பது கட்டங்களில் ஒன்றுகூடக் குறையாமல் இன்றும் என்னிடம் இருக்கிறது. இப்போது கேட்டாலும் வெட்டமாட்டேன். அப்பா கை தூக்கினார், நான் பார்த்தேன், வரைந்தேன். சிரிப்பை மட்டும்தான் நானாகச் சேர்த்தேன். அது பொய் என்று எனக்குத் தெரிந்தது இருபத்து மூன்றாம் வயதில், வேலையில் சேர்ந்த முதல் நாள், வேறொரு கேட்டில் நானே கை தூக்கி நின்றபோதுதான்.

பத்து வயதில் அப்பாவின் கோபம் சக்கரத்தின் மேல் என்று நினைத்தேன். நாலணாக் காசை வைத்து நூற்றுப் பத்து வட்டங்கள் போட்டுப் பழகி, தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த இரண்டு விநாடிக்கு எனக்கு ஆன செலவு: அப்பா என்னோடு பேசாத பதினோரு நாள்.