முதல் கையெழுத்து

மலர்கொடி என் அக்கா. முப்பத்தொரு வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்துச் சிறுவாச்சூரில் ஓய்வு பெற்றவர். பெண்கள் அவரிடம் சத்து மாத்திரை, தடுப்பூசி என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டேதான் அசல் கேள்வி வரும். புருஷனோடு படுத்தால் வலிக்கிறது, ஆசையே வரமாட்டேன் என்கிறது, இப்படி. அந்தக் கேள்விகளுக்குக் கேட்டவர் பெயரைப் போடாமல் பதில் எழுதத்தான் ஓர் இணையதளம் தொடங்கினார். அதிலேயே கேள்வியும் அனுப்பலாம். படங்களையும் அவரே வரைந்தார், உடம்பை உடம்பாகவே. 'பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்' என்று மேலே போட்டிருந்தார்.

ஒருநாள் அரசு ஆபாசத் தளங்களை மொத்தமாக முடக்கியது. அக்காவின் தளமும் அதில் போய்விட்டது.

"நம்மளுது தெரியாம சேந்துருச்சுன்னு மட்டும் எழுதுவோம்க்கா" என்றேன்.

"அப்ப மத்தத மூடுனது சரியா? சின்னப் புள்ளைங்களுக்குப் பூட்டுப் போடட்டும், வேணாங்கல. நாப்பது வயசு ஆளு என்ன பாக்கணும்னு சொல்ல இவங்க யாருடா?"

பிடிவாதக்காரி. மனுவிலும் அதையே எழுதினார்.

எங்கள் ஊரில் மனுவை யாரும் படிப்பதில்லை. முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்துவிட்டுப் போடுவார்கள். மகளிர் குழுத் தலைவி பரிமளாவிடம் மட்டும் அக்கா வரிக்கு வரி படித்துக் காட்டினார். அவள் முதலில் போட்டாள், பின்னாலேயே இருபத்திரண்டு பேர் போட்டார்கள். பரிமளா அவளுடைய நிஜப் பெயர் இல்லை. இதை எழுதும்போது நான் நிஜப் பெயரையே போட்டிருப்பேன், அக்கா விடவில்லை.

திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கையெழுத்துப் போட்டவர்களை எல்லாம் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வரச் சொன்னார். பரிமளா மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். நர்சம்மா நீட்டுனாங்க, போட்டேன். இந்த அசிங்கமெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேன்" என்றாள்.

அதையே எழுதியும் கொடுத்தாள். அந்தத் தாளிலும் முதல் கையெழுத்து அவளுடையதுதான். இருபத்திரண்டு பேரும் அதன் கீழே வரிசையாகப் போட்டார்கள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மனு தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்துதான் அழுதார். "இவங்க வூட்டுப் படி ஏறாத நாளுண்டாடா? என்னைய அசிங்கம் பண்றவன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே."

போன மாதம் அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, என்னைப் படிக்கச் சொன்னார்.

'அக்கா, பொண்ணுக்குக் கல்யாணமாகி மூணு மாசம் ஆச்சு. மொத மொதல்ல நான் ஒங்க சைட்டுல கேட்டேன்ல, அதே வலி அவளுக்கும் இருக்கு. சைட்டு தொறக்கல. அந்தப் பதில மட்டும் அனுப்புறீங்களா? பரிமளா.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மொத கேள்வியே அவளுதா? அன்னிக்கு அந்த ஆபீசர் முன்னாடி ஏன்க்கா சொல்லல?"

"போனக் குடு" என்றார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுப் பதிலையும் தட்டினார். படங்களையும் ஒன்று விடாமல் அனுப்பினார். கடைசியாக ஒரு வரி சேர்த்தார்.

'பொண்ண என்கிட்ட வரச் சொல்லு. நீ வராத.'